‘தவிர’ என்ற ஒரு சொல்

என் முதல் புருஷன் சுமத்ராவில் இருக்கும் மேடானுக்குக் கப்பல் ஏறியபோது எனக்கு இருபத்திரண்டு வயது. கப்பல் ஆபீஸில் சரக்குக் கணக்கெடுக்கும் டாலி கிளார்க்காக இருந்தவர், வேலை விஷயமாகப் போகிறேன், பத்து நாளில் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். கூடவே ஒரு பெண்ணும் போயிருக்கிறாள் என்பது மூன்றாம் நாளே பினாங்கில் எங்கள் தெரு முழுவதற்கும் தெரிந்துவிட்டது. கடைசியாகத் தெரிந்தது எனக்குத்தான். இரண்டு வருஷம் பேச்சு மூச்சு இல்லை. அதற்குப் பிறகு அவர் கையெழுத்தில் ஒரு கடிதம் வந்தது. இங்கே எனக்கு ஒரு மகன் பிறந்திருக்கிறான், இனி என்னை எதிர்பார்க்க வேண்டாம், உன் பாட்டை நீ பார்த்துக்கொள் என்று எழுதியிருந்தார். நான்கு வரி. என் பேரைக்கூட எழுதவில்லை.

ஒரு பகல் முழுவதும் அழுதேன். மறுநாள் தையல் மிஷினுக்கு எண்ணெய் போட்டேன்.

எனக்கு அப்பா அம்மா இல்லை. சூலியா தெருவில் ஒரு கடைக்கு மேலே மாடியறையில் வாடகைக்கு இருந்தேன். அப்பா விட்டுப்போன சுவிசேஷப் புத்தகம் ஒன்று, மாதா படம் ஒன்று, மிஷின் ஒன்று, இவ்வளவுதான் என் சொத்து. எங்கள் கோவிலுக்கு வேண்டிய தையலெல்லாம் நான்தான் தைத்தேன். பீடத்துக்கு விரிக்கும் துணி, சாமியாரின் வெள்ளை அங்கி, முதல் நற்கருணையான புது நன்மை வாங்கும் பெண்பிள்ளைகளுக்குக் கவுன் எல்லாம் என் கையால்தான் போகும். ஞாயிற்றுக்கிழமை பூசையில் பீடத்தைப் பார்க்கும்போது, எந்த ஓரத்தில் நூல் அறுந்து மறுபடி கோத்தேன் என்பதுகூட எனக்குத் தெரியும்.

கிறிஸ்தவ அச்சகம் ஒன்றில் எழுத்துக் கோக்கும் வேலை பார்த்த ஒருவர் ஏப்ரன் தைக்கக் கொடுக்க வந்தார். மை பட்டுப் பட்டு அந்த ஏப்ரன்கள் தோல் மாதிரி விறைத்துப் போயிருந்தன. அவர் மனைவியை இழந்தவர். அவர் போகும் சபை வேறு. எங்கள் கோவிலில் அவர்களைப் பதிதர்கள், அதாவது வழிதவறியவர்கள் என்போம். அவர்கள் எங்களை ரோமர் என்பார்கள். நாங்கள் சேசு என்றால் அவர்கள் இயேசு. நாங்கள் சர்வேசுரன் என்றால் அவர்கள் தேவன். எங்களுக்குச் செபம், அவர்களுக்கு ஜெபம்.

"ஒரே ஆளைக் கூப்பிடறதுக்கு ரெண்டு பக்கமும் வேற வேற எழுத்து," என்று அவர் சிரிப்பார். "கோக்கிற எனக்கு ரெண்டுமே ஈயம்தான்."

ஏப்ரன் தைத்து முடிந்த பிறகும் அவர் வந்துகொண்டிருந்தார். கிழியாத சட்டையைக் கிழிந்தது என்று கொண்டுவருவார். ஒரு நாள் வாசலில் நின்றபடியே கேட்டுவிட்டார்.

"என்னைக் கட்டிக்குவீங்களா?"

"எனக்குப் புருஷன் இருக்காரு," என்றேன்.

"எங்கே?"

"மேடான்ல."

"அது அந்த ஆளு இருக்கிற ஊரு. புருஷன் எங்கேன்னு கேட்டேன்."

கதவைச் சாத்திவிட்டேன். கோபம் அவர் மேல் இல்லை. எங்கள் கோவிலில் சின்ன வயதிலிருந்து கேட்டது ஒன்றுதான்: கட்டியவன் உயிரோடு இருக்கும்வரை வேறு கல்யாணம் கிடையாது, ஆண்டவரே சொல்லிவிட்டார். அந்த வாசகத்தை நானாகப் படித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

மறு வாரம் அவர் தம்முடைய வேதப் புத்தகத்தோடு வந்தார். மனைவியைத் தள்ளிவிடலாமா என்று சிலர் ஆண்டவரைச் சோதிக்க வந்து கேட்கும் இடத்தைப் பிரித்து வைத்தார். மனைவியைத் தள்ளிவிட்டு வேறொருத்தியைக் கட்டுகிறவன் விபசாரம் செய்கிறான் என்று பதில். ஆனால் நடுவில் ஒரு விலக்கு இருந்தது. வேசித்தனம் என்ற காரணம் தவிர.

"இந்தத் ‘தவிர’ங்கிறதை வெச்சுத்தான் எங்க சபையில, துரோகம் செய்யப்பட்டவங்க மறுபடி கட்டலாம்னு சொல்றோம்," என்றார்.

"உங்க புத்தகத்துல நீங்களா போட்டுக்கிட்டது," என்றேன்.

"அப்போ உங்க புத்தகத்தை எடுங்க."

எடுத்தேன். அப்பாவின் புத்தகம், எங்கள் பிஷப்பான மேற்றிராணியார் உத்தரவோடு அச்சிட்டது. தமிழ் வேறு நடையில் இருந்தது. ஆனால் அந்த விலக்கு அங்கேயும் இருந்தது. ஒருவரும் ஒளித்து வைக்கவில்லை. இருபத்து நான்கு வருஷம் என் வீட்டு அலமாரியிலேயே இருந்திருக்கிறது. அதைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஏமாந்த எரிச்சல்தான் வந்தது.

அன்று சாயங்காலமே புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு சாமியாரிடம் போனேன். அவர் பிரெஞ்சுக்காரர். முப்பது வருஷமாகத் தமிழர்களோடு இருந்தவர். இலக்கணம் தவறாமல், அச்சடித்த மாதிரி தமிழ் பேசுவார். நல்ல மனுஷன். என் அப்பாவை அடக்கம் செய்தபோது குழி மூடும்வரை மழையில் நின்றவர். அந்த வரியில் விரலை வைத்து அவர் முன்னால் நீட்டினேன்.

"இதுக்கு என்ன அர்த்தம் சாமி?"

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். அவருக்கு அது புதிதா என்ன!

"வேசித்தனம் என்றால் பிரிந்து வாழலாம், மகளே. அதற்கு மட்டுமே இங்கே அனுமதி. கட்டு அறுவதில்லை. நீ பிரிந்துதானே இருக்கிறாய்? அதில் உனக்குப் பாவமில்லை."

"பிரியலாம்னு ‘தவிர’ சொல்லுது, கட்டலாம்னு சொல்லலியா? ரெண்டும் ஒரே வாக்கியத்துலதானே இருக்கு?"

"இதே சம்பவம் வேறொரு சுவிசேஷத்திலும் வருகிறது. அங்கே அந்த விலக்கே இல்லை. இரண்டையும் சேர்த்து வாசிக்க வேண்டும்."

"அங்கே இல்லாததைக் காட்டி, இங்கே இருக்கிறதை அழிக்கலாமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "உனக்காக நான் திருச்சபையின் போதனையை மாற்ற முடியாது."

"மாத்தச் சொல்லலை சாமி. படிக்கத்தான் சொல்றேன்."

அவர் வாசல்வரை வந்து வழியனுப்பினார். அந்த மரியாதைதான் என்னை அதிகமாகச் சுட்டது.

அதற்குப் பிறகு இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அந்த இடத்தைப் பல தடவை படித்தேன். கேட்க வந்தவர்கள் ஆண்கள். தள்ளிவிடலாமா என்பதும் ஆணின் கேள்வி. தள்ளப்பட்டவள் அந்தக் கூட்டத்தில் எங்கே நின்றாள், அவளை யாராவது ஏதாவது கேட்டார்களா என்று தேடினேன். காணோம். சரி, அவள் சார்பில் நானே கேட்கிறேன் என்று முடிவு செய்தேன்.

எழுத்துக் கோப்பவரிடம் சம்மதம் சொன்னேன். அவர் தம் சபையின் போதகரிடம் அழைத்துப் போனார். போதகரை அவர்கள் ஐயர் என்பார்கள். அந்த ஐயர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். சபையின் மூப்பர்கள் மூன்று பேர் அவரோடு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு நாற்காலி போட்டார்கள். கதவு திறந்திருக்கிறது என்று நம்பித்தான் உட்கார்ந்தேன்.

"வேதப்படி உங்களுக்கு உரிமை உண்டும்மா," என்றார் ஐயர். "குற்றமில்லாத தரப்புன்னு மட்டும் சபைக்குத் தெரியணும். அதுக்குத்தான் இவங்க நாலு கேள்வி கேப்பாங்க."

முதல் மூப்பர், புருஷன் போவதற்கு முன் வீட்டில் சண்டை உண்டா என்று கேட்டார். இரண்டாமவர், நேரத்துக்குச் சமைத்துப் போட்டேனா என்று கேட்டார். மூன்றாமவர் கேட்டதை இங்கே எழுத மாட்டேன். அறையில் இருந்த நான்கு பேரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னை அழைத்துப் போனவர் மட்டும் எழுந்து, "இது தேவையில்லாத கேள்வி," என்றார். நான் அவரை உட்காரச் சொன்னேன். என் வாய் எனக்கு இருந்தது.

"ஐயா, உங்க புத்தகத்துல அந்த வரியை நான் மனப்பாடமா சொல்லுவேன்," என்றேன். "குற்றமில்லாதவள்ங்கிற வார்த்தை அதுல எங்கே இருக்கு?"

ஐயர் லேசாகச் சிரித்தார். "அது அதோட தாத்பரியம்மா."

"அப்போ உங்களுக்கு ஒரு தாத்பரியம், சாமியாருக்கு ஒரு தாத்பரியம். எனக்கு மட்டும்தான் வெறும் வரியா?"

பிறகு ஐயர், கேள்வியெல்லாம் கிடக்கட்டும், எப்படியும் நான் அவர்கள் சபையில் சேர வேண்டும், செபமாலையை விட்டுவிட வேண்டும், வீட்டில் மாதா படம் இருக்கக் கூடாது என்றார். பக்குவமாகத்தான் சொன்னார். நான் எழுந்துகொண்டேன். வெளியே வந்ததும் எழுத்துக் கோப்பவர் தலைகுனிந்து நடந்தார்.

"எங்க ஆளுங்க இப்படிப் பண்ணுவாங்கன்னு நினைக்கலை," என்றார்.

"எங்க ஆளுங்களும்தான்," என்றேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நடுரோட்டில், ரிக்‌ஷாக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தோம்.

பக்கத்து அறையில் ஒரு மலையாளக் குடும்பம் இருந்தது. அவர்கள் பழைய சுரியானிக் கிறிஸ்தவர்கள். அந்த அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இதே வரிக்குத் தங்கள் ஊரில் மூன்றாவதாக ஒரு வாசிப்பு உண்டு என்றார். உடைந்த கல்யாணம் உடைந்ததுதான் என்று ஒப்புக்கொண்டு, இரண்டாம் கல்யாணத்தையும் மந்திரித்து ஆசீர்வதிப்பார்களாம். ஆனால் அந்தச் செபங்களில் சந்தோஷம் குறைவாகவும் மன்னிப்புக் கேட்பது அதிகமாகவும் இருக்குமாம். "மாலையும் உண்டு, அழுகையும் உண்டு," என்றார். மூன்றில் அதுதான் மனுஷருக்குப் பக்கத்தில் இருப்பதாக எனக்குப் பட்டது. ஆனால் அது என் ஊர் இல்லை, என் கோவிலும் இல்லை.

கடைசியில் விவாகரத்து கேட்டுக் கோர்ட்டுக்குப் போனேன். மேடானிலிருந்து வந்த அந்த நான்கு வரிக் கடிதத்தை மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் படித்தார். நீதிபதி என்னைப் பார்த்துக் கேட்டது இரண்டே கேள்வி. நேரத்துக்குச் சமைத்தேனா என்பது அதில் இல்லை. மாதங்கள் ஆனாலும் தீர்ப்பு வந்தது. ரிஜிஸ்தர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டோம். மலையாள அக்காவின் கணவரும் அச்சகத்து ஃபோர்மேனும் சாட்சி. நானே தைத்த ரவிக்கை போட்டிருந்தேன். மாப்பிள்ளை நகத்தில் மை போகவே இல்லை. அப்படியே கையைப் பிடித்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முக்காடு போட்டுக்கொண்டு என் கோவிலுக்குப் போனேன். பெண்கள் பக்கத்தில் நான் எப்போதும் உட்காரும் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தேன். என் பக்கத்தில் இருந்தவர்கள் நகர்ந்தார்கள். நல்லது, காற்று வந்தது. நன்மை வாங்கும் நேரம் வந்தபோது எழுந்துபோய்ப் பீடத்தின் முன்னிருந்த கிராதியருகே முழங்காலில் நின்றேன். சாமியார் ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டே வந்தார். என் முன்னால் வந்ததும் அவர் கை ஒரு கணம் நின்றது. பிறகு என்னைத் தாண்டி அடுத்தவளுக்குப் போனது.

எழுந்து ஓடிவிடுவேன் என்று எல்லோரும் எதிர்பார்த்திருப்பார்கள். கடைசி ஆள் வாங்கிவிட்டுத் திரும்பும்வரை அங்கேயே முழங்காலில் நின்றேன். கண்ணில் தண்ணீர் வந்தது. அதை யாரும் பார்க்காதபடி முக்காடு இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்டார். "எதுக்கு இந்த அவமானம்? எங்க சபைக்கு வா. நான் பேசி மூப்பருங்களைச் சரிக்கட்டறேன். அங்கே உனக்கு அப்பம் கொடுப்பாங்க."

அதற்கு என்ன பதில் சொல்வது என்று அன்று நான் ரொம்ப நேரம் யோசித்தேன். கடைசிப் பந்தியில் ஆண்டவர் அப்பத்தைப் பிட்டு, இது என் சரீரம் என்று சொன்னார் என்றுதான் இரண்டு புத்தகத்திலும் இருக்கிறது. அவர்கள் அதை நினைவுக்காகச் சொன்னது என்று படிக்கிறார்கள். நாங்கள் சொன்னபடியே படிக்கிறோம். கல்யாணத்துக்கு அவர்கள் வாசிப்பை எடுத்துக்கொண்டவள், இதற்கும் அவர்களோடு போவதுதான் நியாயம் என்று அவர் நினைத்தார். ஆனால் என்னால் முடியவில்லை. புது நன்மை வாங்கிய ஏழு வயதிலிருந்து அது சரீரம் என்றுதான் நம்பி வந்திருக்கிறேன். அதற்காகத்தானே அந்தக் கிராதியில் மண்டியிட்டேன்! வெறும் அப்பம் என்றால் வீட்டிலேயே சுட்டுச் சாப்பிட்டிருப்பேனே.

"ஒரு வரியில உங்களோட இருக்கேன், ஒரு வரியில அவங்களோட இருக்கேன்," என்றேன். "அப்படி இருக்கக் கூடாதுன்னு எந்தப் புத்தகத்துல போட்டிருக்கு?"

அடுத்த ஞாயிறு முதல் இருவரும் ஒன்றாகப் புறப்பட்டு, தெருமுனையில் பிரிந்து, அவர் அவர் சபைக்கும் நான் என் கோவிலுக்கும் போனோம். திரும்பும்போது யார் முன்னால் வந்தாலும் மற்றவருக்காக முனையில் காத்திருப்பது வழக்கமாயிற்று.

ஈஸ்டர் என்கிற பாஸ்குத் திருநாள் வந்தது. கோவில் உபதேசியார் பீடத்துணியைத் தைக்கச் சொல்லிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். தைத்து, கஞ்சி போட்டு, மடித்து, அதை நானே எடுத்துக்கொண்டு சாமியாரிடம் போனேன்.

"இந்தத் துணி மேலதான் நீங்க நற்கருணையை வைக்கப் போறீங்க," என்றேன். "இதைத் தைக்க என் கை ஆகுது. அதை வாங்க என் நாக்கு ஆகாதா?"

அவர் முகம் சிவந்தது. "நீ என்னைச் சோதிக்கிறாய்."

"கேள்விதான் கேக்கறேன் சாமி."

அதற்குப் பிறகு கோவில் தையல் வேறொருத்திக்குப் போயிற்று. அவள் ஓரம் கோணலாக மடித்தாள். பூசை முழுவதும் அந்தக் கோணலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என் வைராக்கியத்தைவிட அதைப் பொறுத்துக்கொள்வதுதான் கஷ்டமாக இருந்தது.

எங்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அது சாபம் என்று பெண்கள் பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். ஒருத்தி என் காது கேட்கவே சொன்னாள். நான் திரும்பி, "மேடான்ல அவருக்கு இப்போ மூணு பிள்ளை. அப்போ அது யாரு கொடுத்த ஆசீர்வாதம்?" என்று கேட்டேன். அப்புறம் அந்தப் பேச்சு என் காதுக்கு எட்டும்படி வரவில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன் என்பது வேறு விஷயம். அதை அவளுக்கு நான் சொல்லவில்லை.

இப்படி ஒன்பது வருஷம். ஒவ்வொரு பாஸ்குவுக்கும் கிராதியில் மண்டியிட்டேன். ஒவ்வொரு தடவையும் அந்தக் கை என்னைத் தாண்டிப் போனது. ஒரு ஞாயிறுகூட நான் தவறவில்லை.

ஒன்பதாம் வருஷம் மழைக்காலத்தில், முதல் புருஷன் மேடானில் காய்ச்சலில் இறந்துவிட்டார் என்று கப்பல் ஆபீஸ்காரர்கள் மூலம் செய்தி வந்தது. எனக்கு என்ன தோன்றியது என்று கேட்டால், நேர்மையாகச் சொல்கிறேன், அவருடைய முகம் உடனே ஞாபகத்துக்கு வரவில்லை. அந்த மூன்று பிள்ளைகளை நினைத்துத்தான் ஒரு செபமாலை சொன்னேன்.

இரண்டு நாளில் சாமியார் ஆள் அனுப்பினார். போனேன். ரொம்பக் கிழமாகியிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

"தடை நீங்கிவிட்டது, மகளே! உன் கணவர் நம் சபையில் சேராவிட்டாலும் பரவாயில்லை, அதற்கு அனுமதி வாங்கிவிடுவேன். நீ முதலில் உன் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய். இரண்டு சாட்சிகள் முன்னால் மந்திரித்துவிடுகிறேன். வரும் பாஸ்குவுக்கு நானே உனக்கு நன்மை கொடுப்பேன்."

ஒன்பது வருஷமாக நான் கேட்டது அதுதான்.

"எதைச் சங்கீர்த்தனம் பண்ணணும் சாமி?"

"உனக்குத் தெரியுமே."

"கோவிச்சுக்கிட்டது உண்டு, சொல்றேன். புது தையல்காரியைப் பத்திக் கேவலமா பேசியிருக்கேன், சொல்றேன். உங்களை மனசுக்குள்ள திட்டியிருக்கேன், அதையும் சொல்றேன். இந்த ஒன்பது வருஷத்தைச் சொல்ல மாட்டேன்."

"அதுதானே முக்கியம்?"

"அது பாவம்னு என் மனசு சொல்லலை. மனசு சொல்லாததை வாய் சொன்னா, அதுதான் எனக்குப் பாவம்."

அவர் உட்கார்ந்தார். மெதுவாகப் பேசினார். உயிர்த்தெழுந்த ஆண்டவர் சீஷர்கள்மேல் ஊதி, பாவங்களை மன்னிக்கிற அதிகாரத்தைக் கொடுத்த இடத்தை நினைவூட்டினார். செய்த பாவத்துக்கு வருந்தும் மனஸ்தாபம் இல்லாத இடத்தில் அந்த அதிகாரத்தை அவர் பயன்படுத்த முடியாது என்றார்.

"தெரியும் சாமி," என்றேன். "மன்னிக்காம பிடிச்சு வெச்சுக்கிற அதிகாரமும் அதே வரியிலதான் இருக்கு. நீங்க பிடிச்சே வெச்சுக்குங்க."

இப்படிச் சொன்னபோது என் குரல் உடைந்தது. சொன்னதை மாற்றவில்லை.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். அவர் மண்ணெண்ணெய்த் துணியால் விரலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வார்த்தைதானேம்மா? சொல்லிட்டு வந்திருக்கலாமே. உனக்கு அது எவ்வளவு வேணும்னு எனக்குத் தெரியாதா?"

"அந்த ஒரு வார்த்தைக்குள்ள நீங்க இருக்கீங்க," என்றேன்.

அவர் துணியைக் கீழே வைத்தார். பிறகு எழுந்துபோய் எனக்குக் கோப்பி கலந்து கொண்டுவந்தார். அதுவரை அவர் அடுப்பங்கரைப் பக்கம் போனதே இல்லை. கோப்பி வாயில் வைக்க முடியாத கசப்பு. முழுவதும் குடித்தேன்.

அடுத்த வருஷம் சாமியாரை ஓய்வுக்காகச் சிங்கப்பூருக்கு அனுப்பினார்கள். வழியனுப்பக் கோவில் ஜனங்கள் எல்லோரும் துறைமுகப் பாலத்துக்கு மாலையோடு போனார்கள். நானும் போனேன். மாலை எடுத்துப் போகவில்லை. அவர் கைத்தடியை ஊன்றி வரிசையாக எல்லோரிடமும் விடைபெற்றுக்கொண்டே வந்தார். என்னைத் தாண்டிப் போவார் என்று நினைத்தேன். நின்றார்.

"நீ சொன்னதையெல்லாம் எழுதி மேற்றிராணியாருக்கு அனுப்பினேன்," என்றார். "பதில் வரவில்லை."

"வந்தாலும் என்ன வரும்னு எனக்குத் தெரியும் சாமி."

"எனக்கும் தெரியும். ஆனாலும் எழுதினேன்."

கப்பல் சங்கு ஊதியது. அவர் படியேறி மேல்தளத்தில் நின்று, கையை உயர்த்தி, எங்கள் எல்லோர்மேலும் சிலுவை வரைந்து ஆசீர்வதித்தார். பாலத்தில் இருந்தவர்கள் அத்தனை பேரும் தலைகுனிந்து முழங்காலில் விழுந்தார்கள். நான் நின்றுகொண்டே, தலையை நிமிர்த்தி, கப்பல் திரும்பும்வரை அவரை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.